குமரப்பா போட்ட கணக்கு

நிலம் யாருக்கு என்று நாம் ஊர்தோறும் கேட்டோம். கொடி பிடித்தோம், சிறை சென்றோம். அந்த நிலத்தில் என்ன விளையவேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டவர், தஞ்சையில் 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பா. அவர் நம் கட்சிக்காரர் அல்லர். காந்தியார் முகாமைச் சேர்ந்தவர். பெரிய ஆலைத்தொழில் மீது அவர் கொண்ட வெறுப்பு நமக்கு உடன்பாடும் அல்ல. ஆயினும் உழைக்கும் மக்கள் அவரை மறக்கலாகாது.

சீமையில் கணக்குப் படித்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, கோட்டும் சூட்டுமாய் வாழ்ந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொதுநிதி பயின்றபோதுதான், இந்தியனின் வறுமைக்கும் வெள்ளையனின் வரிக்கொள்கைக்கும் உள்ள உறவு அவருக்குப் புலப்பட்டது. 1929-ல் காந்தியாரைச் சந்தித்தார். பிறகு குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகச் சென்று குடியானவனின் வரவு செலவை எடுத்தார். 1934 முதல் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார்.

நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிய அவரது நூல் 1945-ல் சிறையில் பிறந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கத் தீருபவை. ஆறும் காடும் பேணினால் என்றும் வருபவை. இதை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். ஒரு லட்சம் மக்களுக்குத் தானியம், பருப்பு, காய்கறி, பஞ்சு எவ்வளவு தேவை, அதற்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று பட்டியல் போட்டார். வயிற்றுக்கும் உடைக்கும் போக மிஞ்சியதே சந்தைக்கு! மலையாளத்து நெல்வயல் தென்னந்தோப்பாகித் தேங்காய் சோப்பு ஆலைக்குப் போவதைக் கண்டித்தார். ரசாயன உரத்தையும் எதிர்த்தார், பசுமைப் புரட்சி வருமுன்பே.

அவர் தலைமையேற்ற காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழு, இடைத்தரகர் ஒழிப்பையும் உழுபவனுக்கே நிலம் என்பதையும் 1949-ல் பரிந்துரைத்தது. காங்கிரஸ் சர்க்கார் அதை எவ்வளவு நிறைவேற்றியது என்பதை நாம் சொல்லவேண்டுமா? 1950-களின் தொடக்கத்தில் சீனமும் சோவியத் நாடும் கண்டுவந்தார். கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30-ல் மறைந்தார்.

இன்று உலகின் நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 480 கோடி ஹெக்டேர், உழவிலும் மேய்ச்சலிலும் இருக்கிறது. மனிதன் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதத்தை வேளாண்மையே குடிக்கிறது.

அவர் கணக்கை மரக்காணம் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். கீழ்புத்துப்பட்டில் அய்யனார் கோவிலைச் சுற்றி நிற்கும் பசுங்காடுதான் இந்தக் கரையின் பழைய முகம். பக்தியோ பயமோ, காடு பிழைத்தது! அதற்கு வெளியே இந்தக் கரையெங்கும் சவுக்கும் மோட்டார்க் கிணறுகளும். கடலோரத்தில் நன்னீரை அளவுமீறி இறைத்தால், அந்த இடத்தைக் கடல்நீர் பிடிக்கும். பாத்தியில் உப்பு விளைந்தால் உப்பளத் தொழிலாளிக்குக் கூலி. கிணற்றில் உப்பு ஊறினால் அவன் பெண்டாட்டிக்குக் குடமும் நடையும். கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாயிற்று, நல்லதுதான். அதைச் சுற்றியுள்ள வயலில் எது விளையவேண்டும் என்பதை இன்னும் வியாபாரியே தீர்மானிக்கிறான்.

நம் தோழர்கள் அடுத்த கிராமசபைக்குப் பட்டியலோடு போகட்டும்: ஊரில் நெல் எத்தனை ஏக்கர், சவுக்கு எத்தனை ஏக்கர், மோட்டார் எத்தனை, உப்பான கிணறு எத்தனை.