ஒலியை அளந்த பேராசிரியர்

உயர்ந்த வாத்தியங்கள் இருக்கலாம். கைதேர்ந்த கலைஞர்கள் நூறு பேர் ஒன்றுகூடி வாசிக்கலாம். ஆனால் மண்டபம் சரியில்லையென்றால் அத்தனையும் வீண். சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி நெடுநேரம் நீடித்தால், ஒரு சுரம் அடுத்த சுரத்தோடு கலந்து குழம்பிவிடும். உடனே அடங்கிவிட்டாலோ இசை உயிரற்று வறண்டு ஒலிக்கும். இந்த நீடிப்புக்கு எதிர்முழக்கம் என்று பெயர். அதனை அளந்து, கணக்கில் அடக்கிக் காட்டிய அறிஞரே வாலஸ் கிளெமென்ட் சேபின்.

இவர் 1868ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ரிச்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினெட்டு வயதிலேயே பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் அங்கேயே பௌதிக ஆசிரியரானார்.

1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் பெருந்தலைவலியாக இருந்தது. பேசுபவர் வாயைத் திறந்தால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் விளங்கவில்லை. இதற்கு வழி காணும் பொறுப்பைப் பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட், 27 வயதே ஆன சேபினிடம் ஒப்படைத்தார்.

அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அதன் இருக்கை மெத்தைகளை இரவில் ஃபாக் மண்டபத்துக்குச் சுமந்து வருவார் சேபின். ஊர் அடங்கிய நள்ளிரவில் ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்துவார். ஒலி காதுக்கு முற்றிலும் மறையும்வரை எத்தனை விநாடி என்று குறிப்பார். வெறும் மண்டபத்தில் 5.62 விநாடி நீடித்த ஒலி, மெத்தைகள் கூடக் கூடக் குறைந்துகொண்டே வந்தது. விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும்! ஆட்களை உட்கார வைத்தும் அளந்தார். மனித உடலும் உடையும் ஒலியை விழுங்குவதைக் கண்டார். தம் உடையே கணக்கைக் கெடுக்கும் என்று உணர்ந்து, ஒரே வகை உடையை அணிந்தே சோதனை செய்தார். கச்சேரி கேட்க வருகிற நாமும் மண்டபத்தின் ஓர் உறுப்பே!

அந்நாளில் பாஸ்டன் நகரில் ஹென்றி லீ ஹிக்கின்சன் என்னும் செல்வர் தம் சிம்பனி இசைக்குழுவுக்குப் புதிய மண்டபம் கட்ட முனைந்து, எலியட்டிடம் யோசனை கேட்டார். எலியட் சேபினைச் சுட்டிக்காட்டினார். சேபின் முதலில் தயங்கினார். 1898 அக்டோபரில் ஓர் இரவு, தம் பழைய குறிப்புகளைப் புரட்டுகையில் விடை பளிச்சிட்டது. மண்டபத்தின் கன அளவு கூடினால் எதிர்முழக்கம் கூடும். ஒலியை உட்கவரும் பரப்பு கூடினால் அது குறையும். இனித் தயக்கம் எதற்கு? பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

ஜெர்மனியின் லைப்சிக் நகர இசை மண்டபத்தை அப்படியே பெரிதாக்கிக் கட்டலாம் என்பது சிற்பிகளின் எண்ணம். அப்படிச் செய்தால் ஒலி அளவுக்கு மீறி நீடிக்கும் என்று சேபின் கணக்கால் காட்டினார். எனவே மண்டபத்தை ஒடுக்கமாகவும் நீளமாகவும் அமைத்தனர். மேடையின் சுவர்களும் கூரையும் பின்னோக்கிச் சரிந்து குறுகி, வாத்திய ஒலியை அவையை நோக்கித் தள்ளின. மேல்மாடங்களை ஆழமின்றிக் கட்டியதால், அவற்றின் அடியில் இருப்பவர்க்கும் இசை எட்டியது.

1900 அக்டோபர் 15ஆம் நாள் சிம்பனி மண்டபம் திறக்கப்பட்டது. ஒலியியல் கணக்கின்படி எழுந்த முதல் இசை மண்டபம் அதுவே. தொடக்கத்தில் இசை விமர்சகர் சிலர் குறை கூறினர். காலம் சேபின் பக்கமே தீர்ப்பளித்தது. 2,600க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அம்மண்டபம் இன்றும் உலகின் தலைசிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் தம் நோயையும் பொருட்படுத்தாது உழைத்த சேபின், 1919 ஜனவரி 10ஆம் நாள், ஐம்பதே வயதில் மறைந்தார். ஒலி உட்கவர்தலை அளக்கும் அலகு, சேபின் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்புச் சகோதரிகளே! சேபினிடம் இருந்தவை ஒரு குழல், ஒரு கடிகாரம், இரவல் மெத்தைகள், கூர்மையான செவி ஆகியவையே. பெரிய கருவிகள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பொறுமையும் உண்மையும் துணை நின்றால், எளிய கருவிகளைக் கொண்டே அரிய உண்மைகளை எட்டலாம் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.