காட்டைப் படம் பிடித்த மா. கிருஷ்ணன்

திருநெல்வேலிச் சீமை தமிழகத்துக்கு அளித்த அறிஞர் பலர். அவர்களுள் பேனா, தூரிகை, காமிரா ஆகிய மூன்றையும் ஒருங்கே கையாண்டவர் மா. கிருஷ்ணன். நம் நாட்டில் காட்டு விலங்குகளைப் படம் பிடித்த முன்னோடிகளுள் ஒருவரான இவர், 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள், எட்டுக் குழந்தைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார்.

தந்தையார் அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலின் ஆசிரியர் என்று தமிழ் வகுப்பில் இவர் பெயரை நாம் படித்திருக்கிறோம். பெண்கள் கற்க வேண்டும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே ஓயாது எழுதியவர். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ ஆலயம் எழுப்பிய கிளாரிந்தா அம்மையாரின் கதையை ஆங்கிலத்தில் நாவலாக வடித்தவரும் இவரே. உப்பு, ஆயத்தீர்வை இலாகாவில் பார்த்த உத்தியோகத்தை முன்னதாகவே விட்டுவிட்டு, மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், வீடு அமைத்துக் குடியேறினார். 1925-இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் சபையில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிப் பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிர் துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. தமக்கை லட்சுமியின் அரவணைப்பில் அவர் வளர்ந்தார்.

அந்நாளைய மயிலாப்பூரை இன்று கற்பனை செய்வதே கடினம். முட்புதர்களும் தோப்புகளும் மண்டிக் கிடந்தன, நரி ஊளையிடும், வெளிமான் மேயும். சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றைச் செல்லமாக வளர்த்தான். பிற்காலத்தில் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது தாவரவியல் பேராசிரியர் பைசன் அவர்கள் வாய்த்தது பெரும் பேறு. அவருடன் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செடிகொடிகளைக் காணச் சென்றார். பேராசிரியரின் துணைவியார் நீர்வண்ண ஓவியம் தீட்டுவதில் வல்லவர். ஓர் இலையை வரைய வேண்டுமானால் முதலில் அதைச் சரியாகப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பார்வைதான் பின்னாளில் காமிராவின் பின்னே நின்றது என்று நாம் கருதுகிறோம்.

எம்.ஏ.வும் படித்தார், சட்டமும் படித்தார்; வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கேலிச் சித்திரமும் அனுப்பிச் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளினார். 1942-இல் பெல்லாரிக்கு அருகில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை எனலாம்: பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர்! போதாக்குறைக்குக் கடிதம் கொண்டு செல்லப் புறாக்களையும் பழக்கினார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காட்டில் திரிந்தார். படம் பிடித்த அனுபவங்களை 1948, 1949 ஆண்டுகளில் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' இதழில் தொடராக எழுதினார்.

1949-இல் சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது. இங்கேதான் அவர் வாழ்வின் முக்கியமான திருப்பம் நேர்ந்தது. மனைவி இந்துமதி அம்மையார் உண்டு, குடும்பம் உண்டு; கையில் பட்டங்களும் உண்டு. வேறொருவராக இருந்தால் மாதச் சம்பளம் தரும் இன்னொரு நாற்காலியைத் தேடியிருப்பார். கிருஷ்ணனோ சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையுமே நம்பி வாழத் துணிந்தார். 1950-இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இயற்கை பற்றி எழுதத் தொடங்கியவர், 1996 வரை 46 ஆண்டுகள் அதை விடவேயில்லை. பெற்றோர்களில் சிலர் இந்த முடிவைக் கண்டு முகம் சுளிக்கக்கூடும். வீட்டுச் செலவை நினைத்தால் அதில் நியாயமும் இருக்கிறது. அந்தத் துணிவின் சுமையை இந்துமதி அம்மையாரும் சேர்ந்தே சுமந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி அவருடைய காமிராவுக்கு வருவோம்.

வெளிநாட்டிலிருந்து வரும் காமிராவும் லென்சும் அக்காலத்தில் எளிதில் கிட்டாத பொருள்கள். கிட்டினாலும் விலை மலைக்க வைக்கும். கிருஷ்ணன் ஒரு வழி கண்டார். ஒரு கம்பெனியின் காமிரா உடலை எடுத்தார். அதில் வேறொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்சைப் பொருத்தினார். மற்ற உறுப்புகளைத் தாமே இணைத்தார். பெரிய, கனத்த, விசித்திரமான கருவி ஒன்று உருவாயிற்று. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் உண்டு. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டம் நடத்திய இயற்கை அறிஞர் ஈ. பி. ஜீ இதைப் பார்த்து வியந்து, நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். பார்வைக்கு எப்படியிருந்தால் என்ன? வனத்துறையின் பழகிய யானைமீது அமர்ந்து, அந்தக் கருவியைக் கொண்டே காட்டு யானைகளை அவர் படம் பிடித்தார்.

அது எவ்வளவு கடினம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். யானை மூச்சு விட்டாலே மேலே இருப்பவர் அசைவார். தொலைநோக்கு லென்சில் சிறு அசைவும் பெரிதாகத் தெரியும். அசைவை வெல்ல ஷட்டர் வேகமாக மூட வேண்டும். வேகமாக மூடினால் ஒளி போதாது. காட்டுக்குள்ளோ எப்போதும் நிழல். படச்சுருளில் 12 அல்லது 36 படங்கள்தான். பிடித்தது சரியாக விழுந்ததா என்பது சுருளைக் கழுவிய பிறகே தெரியும். வண்ணப்படச் சுருள் வந்த பின்னும் அவர் கறுப்பு வெள்ளையையே கையாண்டார். யானைத் தோலின் சுருக்கங்களும் காட்டெருமையின் திமிலில் விழும் வெளிச்சமும் கறுப்பு வெள்ளையில்தான் உயிர் பெறுகின்றன என்று அப்படங்களைப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுகிறது.

இன்று நம் தாம்பரம் பகுதியில் புகைப்படத்தைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்பும் மாணவிகள், எந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கலாம், எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்று கேட்கிறார்கள். எஸ்.எல்.ஆர். என்பது லென்சு வழியே வரும் ஒளியை உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி மேலே திருப்ப, படமாகப் போகும் காட்சியையே நாம் காணும்படி அமைந்த கருவி. புது மாதிரிகள் வருவது ஏறக்குறைய நின்று, நிறுவனங்கள் கண்ணாடியில்லாக் காமிராக்களுக்கு மாறிவிட்டன. அதனால் ஒரு நன்மை: ஒருவர் பயன்படுத்திய நல்ல எஸ்.எல்.ஆர். குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. உடலுக்குக் குறைத்துச் செலவழித்து, மிச்சத்தை லென்சுக்கு வைப்பதே அறிவுடைமை. உடன் தரும் 18-55 மில்லிமீட்டர் லென்சு வகுப்புத் தோழியரைப் பிடிக்கப் போதும். வேடந்தாங்கல் ஏரியின் நடுவே கடம்ப மரத்தில் அமர்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரைக்கு 300 மில்லிமீட்டராவது தேவை. கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கவும் வேண்டாம். கனம் தாங்காத காமிரா அலமாரியிலேயே உறங்கும். காசு இப்போது இல்லையென்றால், ஓராண்டு வெறுங்கண்ணால் பார்த்துக் குறிப்பெழுதுங்கள். வேளச்சேரிச் சாலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தாலே போதுமே!

கிருஷ்ணன் படத்தோடு நின்றவர் அல்லர். 1968-இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு உதவித்தொகையின் துணையோடு, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய விலங்குகளைக் காடு காடாகச் சென்று ஆராய்ந்தார். அந்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-இல் நூலாக வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நம் மண்ணின் மரங்களை விட்டு அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். பிடிவாதக்காரர்தான், தாம் சரியென்று கண்டதை யாருக்காகவும் தணித்துச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. அந்தக் குணம் அவருக்குச் சில நண்பர்களை இழக்கச் செய்திருக்கலாம். காடுகளுக்கு அது நன்மையே செய்தது.

தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக்கியுள்ளார். அதில் பறவைகளின் தமிழ்ப் பெயர்கள் எவ்வளவு இயல்பாக வந்து விழுகின்றன என்பதை மாணவிகள் கவனிக்க வேண்டும். தந்தையார் எந்த மொழிக்காக வாதாடி உயிர் விட்டாரோ, அந்த மொழியில் மகன் பறவைகளைப் பற்றி எழுதினார்.

1995-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' கௌரவப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. மறு ஆண்டு, 1996 பிப்ரவரி 18-ஆம் நாள், தம் 83-ஆம் வயதில் சென்னையில் இயற்கை எய்தினார். இளம் இயற்கை எழுத்தாளர்களுக்கென்று சென்னை இயற்கையாளர் சங்கம் அவர் பெயரில் ஒரு பரிசு ஏற்படுத்தியது. அவருடைய படங்களும் எழுத்தும் அடங்கிய 'ஐ இன் தி ஜங்கிள்' என்னும் பெரிய நூல் 2006-இல் வெளிவந்தது. அதைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் யானைகள், கறுப்பு வெள்ளையில், நம்மையே நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.