நீலமாக மாறிய குழந்தைகள்... விரல் நுனியால் இதயத்துடிப்பை அறிந்த டாக்டர்! யார் இந்த ஹெலன் டாசிக்?

பிறந்தபோது குழந்தை நல்லாத்தான் அழுதது. எடையும் சரியாக இருந்தது. ஆனால் சில நாட்களிலேயே உதடும் நகமும் நீலம் பாரித்துவிட்டன. 1930-களில் இப்படி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், டாக்டர்களிடம் சிகிச்சை என்று எதுவுமே இல்லை. அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க டாக்டர் ஹெலன் டாசிக்.

தடைகளைத் தாண்டிய படிப்பு

1898 மே 24-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தார். 11 வயதில் அம்மாவை காசநோய்க்குப் பறிகொடுத்தார். எழுத்துகளைப் படிக்கவே திணற வைக்கும் டிஸ்லெக்சியா பிரச்சினை வேறு. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களுக்குப் பட்டம் தரவில்லை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்து 1927-ல் டாக்டரானார். 1930-ல் அங்கேயே குழந்தைகள் இதய கிளினிக்கின் பொறுப்பு கிடைத்தது.

காது கேட்காமல் எப்படி?

30 வயதைக் கடந்த நேரத்தில் அவருக்குக் கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டது. ஸ்டெதாஸ்கோப்பை நம்பியிருக்கும் இதய டாக்டருக்கு இது எவ்வளவு பெரிய இடி! டாசிக் அசரவில்லை. குழந்தையின் மார்பில் விரல்களை வைத்து துடிப்பையும் அதிர்வையும் உணரப் பழகினார். ஃப்ளூரோஸ்கோப் என்ற எக்ஸ்ரே கருவியில் இதயத்தின் வடிவத்தை உற்றுப் பார்த்தார்.

அவர் கண்டுபிடித்தது என்ன?

கருவில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதயத்தை ஒட்டிய இரண்டு பெரிய ரத்தக்குழாய்களை இணைக்கும் ஒரு சின்னக் குழாய் உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் நுரையீரலுக்குப் போகும் வழி சுருங்கிய குழந்தைகளுக்கு அந்தக் குழாய்தான் உயிர்நாடி. அது மூடியதும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, உடல் நீலமாகிறது.

அப்படின்னா மூடிய வழிக்குப் பதிலாகப் புதிய வழி போட்டால் என்ன? இதுதான் டாசிக்கின் கேள்வி. அறுவை சிகிச்சை நிபுணர் ஆல்ஃபிரட் பிளாலாக் ஒப்புக்கொண்டார். அவரது ஆய்வகத்தில் இருந்த கறுப்பின உதவியாளர் விவியன் தாமஸ், நாய்களிடம் சோதித்து அந்த முறையை உருவாக்கினார். 1944 நவம்பர் 29-ல் 15 மாதப் பெண் குழந்தைக்கு முதல் ஆபரேஷன் நடந்தது. அந்தக் குழந்தை சில மாதங்களே வாழ்ந்தாலும், அடுத்தடுத்து வந்த குழந்தைகளின் நீல உதடுகள் சிவந்தன. உலகம் முழுவதும் இருந்து பெற்றோர் பால்டிமோருக்குப் படையெடுத்தனர்.

1962-ல் ஜெர்மனி சென்று, கருவில் உள்ள குழந்தையைப் பாதித்த தாலிடோமைடு மருந்து பற்றி நேரில் விசாரித்து, அமெரிக்காவில் எச்சரிக்கை மணி அடித்தவரும் இவரே. 1965-ல் அமெரிக்க இதய சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1986 மே 20-ல், 88-வது பிறந்தநாளுக்கு 4 நாள் முன்பு, கார் விபத்தில் உயிரிழந்தார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

அந்தச் சின்னக் குழாயை மூடவிடாமல் திறந்தே வைக்கும் மருந்து 1970-களில் வந்தது. அதனால் கண்ணுக்கு நீலம் தெரியும் முன்பே குறையைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது சவால். பிறந்து 24 மணி நேரம் ஆனதும் பல்ஸ் ஆக்சிமீட்டரை குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்க்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிஷம்தான். அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனடிப் பரிசோதனை தேவை. கைக்கும் காலுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். 2011-ல் அமெரிக்கா இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது.

எல்லாக் குறைகளும் இதில் சிக்கிவிடாது. குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டினாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, உதடும் நாக்கும் நீலமானாலோ ஒரு நாள்கூட காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.