மாணவர் நெற்றித் திருநீறு காத்த நாவலர் பெருமான்

ஈழத்துச் சைவ வரலாற்றிலே பத்தொன்பதாம் நூற்றாண்டு மறக்கொணாத காலமாகும். ஆலயங்கள் மீண்டும் எழுந்த அக்காலத்தில், ஆலயத்துக்கு வரவேண்டிய பிள்ளைகளின் உள்ளத்தில் சைவம் தேய்ந்துகொண்டிருந்தது. அந்நிலையை முதலிற் கண்டுகொண்டு, அதற்குப் பரிகாரம் பாடசாலையே எனத் தெளிந்து, தமது வாழ்நாள் முழுவதையும் அப்பணிக்கு ஒப்புக்கொடுத்தவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் ஆவார். அன்னாரின் வாழ்வு பல துறைகளில் விரிந்தது. அவற்றுள் பாடசாலை மாணவரின் சமய உரிமைக்காக அவர் ஆற்றிய பணி இன்றைய பெற்றாரும் பிள்ளைகளும் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டியதொன்று.

காலத்தின் நிலை

போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கோயிற்பற்றுத் தோறும் தேவாலயத்துடன் பாடசாலை அமைத்து, பிள்ளைகள் அங்கு செல்ல வேண்டுமெனக் கட்டளையிட்டனர். வராத பிள்ளைகளுக்காகத் தண்டப்பணம் அறவிடப்பட்டது. உத்தியோகம் பெறவும், திருமணத்தைப் பதிவு செய்யவும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. விரதமிருந்து உணவருந்திய வாழையிலையைப் பிறர் காணாவண்ணம் கூரையிற் செருகி ஒளித்து வைத்தனர் என்பது அக்காலம் பற்றிய செவிவழிச் செய்தி.

1796இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்தபோது இக்கட்டாயங்கள் தளர்ந்தன. ஆனால் வேறொரு வகை நெருக்குதல் தோன்றியது. வெஸ்லியன் மிசன் 1814இலும், அமெரிக்க மிசன் 1816இலும், சேர்ச் மிசன் 1818இலும் இங்கு பணி தொடங்கி ஊர்கள் தோறும் பாடசாலைகளை நிறுவின. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிசனின் செமினரியும், உடுவிலில் 1824இல் பெண்கள் பாடசாலையும் ஆரம்பமாயின. இவற்றால் நாடு பெற்ற நன்மை பெரிது. கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கிலமும் இங்கு வேரூன்றின. பெண்கள் எழுத்தறிந்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே.

எனினும் அந்நன்மைக்கு ஒரு விலை கேட்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்துக்கு வாயில் ஆங்கிலக் கல்வி. ஆங்கிலக் கல்விக்கு வாயில் மிசன் பாடசாலை. அப்பாடசாலையிலோ வேதாகம பாடமும் செபமும் அன்றாட ஒழுங்குகள். விடுதியிற் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்காவில் இருந்து பணம் உதவியவர்களின் பெயர்களே பெயராக இடப்பட்டன. ஆறுமுகம் என்றோ கந்தையா என்றோ வீட்டில் அழைக்கப்பட்ட பிள்ளை, பாடசாலை இடாப்பில் முன்பின் அறியாத ஒருவரின் பெயரைச் சுமந்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலே, தன் பெற்றார் வணங்குவது பேய் வணக்கம் என்று ஆசிரியர் வாயாற் கேட்டுக்கொண்டு, அதே பெற்றாரின் வீட்டுக்கு மாலையில் திரும்பிய பிள்ளைகளின் மனநிலையை எவரும் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

பிறப்பும் கல்வியும்

இத்தகைய காலத்தில் நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாகச் சித்திரபானு வருடம் மார்கழி மாதம் 5ஆம் நாள் (18.12.1822) ஆறுமுகம் அவதரித்தார். ஒன்பது வயதில் தந்தையாரை இழந்தார். தமையன்மாரின் ஆதரவில் வளர்ந்து, சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் முதலிய பெரும் புலவர்களிடம் தமிழ் கற்றார். ஆங்கிலம் கற்பதற்காக யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்தார். அதுவே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. அதன் அதிபராக இருந்தவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார்.

பேர்சிவல் பாதிரியார் மாணவரின் ஆற்றலை மதிக்கத் தெரிந்தவர். ஆறுமுகத்தின் தமிழறிவை உணர்ந்து, இருபது வயதளவில் அவரை அப்பாடசாலையிலேயே ஆசிரியராக அமர்த்தினார். வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் தமக்குத் துணையாகச் சேர்த்துக்கொண்டார். இருவரும் சென்னைக்குச் சென்று அம்மொழிபெயர்ப்பை அங்குள்ள அறிஞர்களுக்குக் காட்டினர். 1850இல் அது அச்சில் வந்தது. இத்தனை ஆண்டுகளும் ஆறுமுகம் சைவ ஆசாரத்தில் நின்று வழுவவில்லை. பாதிரியாரும் அவரை மதம் மாறினாலன்றி வேலையில்லை என்று கூறி விலக்கவில்லை. இருவேறு சமயத்தைச் சேர்ந்த ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் மதித்து ஒரே மேசையில் இருந்து பணியாற்றலாம் என்பதற்கு அவ்விருவருமே சான்றாவர். பின்னாளில் மிசன் பாடசாலைகளை நாவலர் கண்டித்தபோது, கைகூடக்கூடிய மரியாதையொன்று மறுக்கப்படுவதையே அவர் கண்டித்தார் என்பது இதனால் விளங்கும்.

உத்தியோகம் துறந்த உறுதி

மிசன் பாடசாலைக்குள்ளே இருந்தபடியால் அங்கு நிகழ்வதை ஆறுமுகம் நேரிற் கண்டார். சைவப் பிள்ளைகள் தமது சமயத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை தெரியாது தலைகுனிந்தனர். விடை சொல்லிக் கொடுக்க வீட்டிலும் ஆளில்லை, கோயிலிலும் ஏற்பாடில்லை. பாதிரிமாரிடம் அச்சுப் புத்தகம் இருந்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை இருந்தது. முறையான வகுப்பும் மணிக்கூடும் இருந்தன. சைவரிடம் ஏட்டுச் சுவடிகளே இருந்தன. ஏச்சுக்கு ஏச்சு விடையாகாது, பாடசாலைக்குப் பாடசாலையே விடை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

31.12.1847 வெள்ளிக்கிழமை மாலை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவரது முதலாவது சைவப் பிரசங்கம் நிகழ்ந்தது. பின்னர் வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் தொடர்ந்தது. பாதிரிமாரின் பிரசங்க முறையையே அவர் கைக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே சம்பளத்தோடு கூடிய மிசன் உத்தியோகத்தைத் துறந்தார். இல்லற வாழ்வையும் வேண்டாதொழிந்தார். வீட்டுக்கு வீடு உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைக்கச் செய்து, அப்பிடியரிசியைத் திரட்டி வித்தியாசாலைச் செலவுக்கு வழி தேடினார். அவரிடம் பயின்ற மாணவரே சம்பளம் கருதாது அங்கு கற்பித்தனர்.

1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவரது சொல்வன்மையை மெச்சி நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. அப்பயணத்திலே அச்சியந்திரம் ஒன்றையும் வாங்கி வந்தார். அதிலிருந்து பாலபாடங்களும், சைவ வினாவிடைகளும், இலக்கணச் சுருக்கமும் வெளிவந்தன. சிறு பிள்ளை தன் சமயத்தைத் தானே வாசித்து அறியக்கூடிய எளிய வசனநடையில் அவை அமைந்தன. 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்ற நூலிலே, சைவத்தின் தீபமும் தூபமும் நைவேத்தியமும் மூடத்தனம் என்று இகழ்ந்தோருக்கு, அவையொத்த வழிபாடுகள் வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டிலும் சொல்லப்பட்டிருப்பதைக் காட்டி விடையளித்தார். வேதாகமத்தை ஊன்றிக் கற்றவராதலால் அவருக்கு அது கைவந்தது. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

திருநீறும் ஆங்கிலப் பாடசாலையும்

தமிழ்ப் பாடசாலை அமைந்த பின்னும் ஒரு குறை நின்றது. ஆங்கிலம் வேண்டிய பிள்ளைகள் மிசன் பாடசாலைக்கே சென்றாக வேண்டியிருந்தது. 1870களின் தொடக்கத்தில் வண்ணார்பண்ணையிலிருந்த வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலைக்குத் திருநீறு அணிந்து சென்ற சைவ மாணவர்கள் அங்கிருந்து விலக்கப்பட்டனர்.

இச்செய்தி இன்று சிறிதாகத் தோன்றலாம். அன்று அம்மாணவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் எவரையும் ஏசியவர்களல்லர், பாடத்தில் தவறியவர்களுமல்லர். காலையில் குளித்துத் தாய் கையால் வாங்கிப் பூசிய திருநீறே அவர்கள் செய்த குற்றம். அதனை அழித்துவிட்டால் வகுப்பிலிருக்கலாம். வைத்திருந்தால் வீட்டுக்குப் போகலாம். படிப்பா, நெற்றியா என்ற இக்கேள்வி, உலகம் அறியாத பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது. அழித்துவிட்டு உள்ளே இருந்தவனுக்கு மனச்சாட்சி உறுத்தும்; வெளியே வந்தவனுக்கு எதிர்காலம் இருளும். எப்பக்கம் போனாலும் தோற்பது பிள்ளையே.

நாவலர் பெருமான் இதனைப் பொறுத்திருக்கவில்லை. 1872இல் வண்ணார்பண்ணையிலேயே சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் திறந்தார். திருநீற்றை அழிக்காமலே ஆங்கிலம் கற்கலாம் என்ற நிலை யாழ்ப்பாணத்தில் அன்றே உருவாகியது. பணமுடையினால் சில ஆண்டுகளில் அப்பாடசாலை நின்றுபோயிற்று. ஆயினும் அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று, வில்லியம் நெவின்ஸ் என்று பெயரிடப்பட்டிருந்த சிதம்பரப்பிள்ளை 1886இல் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை அதனை 1890இல் பொறுப்பேற்றது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அந்நியப் பெயர் சூட்டப்பட்ட மாணவர் ஒருவரே சைவப் பிள்ளைகளின் பெருங்கல்லூரிக்கு அடிகோலினார் என்பது திருவருட் செயலே.

1870களின் பிற்பகுதியில் பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டியபோது, நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். 1879இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவாவதற்கு ஆதரவு திரட்டினார். அவ்வாண்டு, பிரமாதி வருடம் கார்த்திகை மாதம் மக நட்சத்திரத்தில் (05.12.1879) சிவபதமடைந்தார். கார்த்திகை மகத்தில் அன்னாரின் குருபூசை சைவ மக்களால் அனுட்டிக்கப்பட்டு வருகின்றது.

எஞ்சிய கடமை

பெரியோரின் வாழ்வைக் கூறும்போது ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கூறுதல் முறையன்று. நாவலர் தமது காலத்துச் சாதி முறையை ஏற்று நின்றவர். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கு அவரது வித்தியாசாலையின் கதவு திறந்திருக்கவில்லை. அவர் ஆசிரியராக இருந்த மிசன் பாடசாலையில் அத்தகைய பிள்ளை ஒருவர் சேர்த்துக்கொள்ளப்பட்டபோது, உயர்சாதியெனப்பட்ட மாணவர் பலர் பாடசாலையை விட்டு நீங்கினர். நெற்றியில் திருநீறு இருந்தமையால் ஒரு பிள்ளை வெளியேற்றப்பட்டது அநீதியென்றால், பிறந்த குடியைக் காரணங்காட்டி, திருநீறு அணிந்த மற்றொரு பிள்ளை உள்ளே எடுக்கப்படாமை எவ்வகையில் நீதியாகும்?

அக்குறையைத் தீர்க்கப் பின்வந்தோர் பாடுபட வேண்டியதாயிற்று. அப்பிள்ளைகள் பாடசாலைகளிலே நிலத்திலும் தாழ்ந்த பலகைகளிலும் நெடுங்காலம் இருத்தப்பட்டனர். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. அதுவே பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. 1930ஆம் ஆண்டளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க அரசாங்கம் பணித்தபோது, அதனைப் பொறாதோர் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். தீயிட்டவர்களின் நெற்றியிலும் திருநீறு இருந்தது என்பதைச் சைவ உலகம் வெட்கத்துடன் ஏற்றல் வேண்டும். 1956இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கதவு எல்லோருக்கும் திறந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1968இல் மாவிட்டபுரத்தில் மீண்டும் போராட வேண்டியிருந்தது.

1960இலும் 1961இலும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. சமய பாடவேளையிலே சைவப் பிள்ளை சைவத்தையும், கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவத்தையும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாத்தையும், பௌத்தப் பிள்ளை பௌத்தத்தையும் கற்கும் ஒழுங்கு இன்று உண்டு. நாவலர் வேண்டிய உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. எனினும் சட்டம் எட்டாத இடங்கள் வகுப்பறையில் உள. வகுப்பில் தனியனாக இருக்கும் வேற்றுச் சமயப் பிள்ளையைக் கேலி செய்வதும், ஒருவனின் ஊரையும் குடியையும் விசாரித்து ஒதுக்குவதும், இடாப்பும் சுற்றறிக்கையும் காணாதவை. அவற்றைத் தடுக்க வேண்டியவர்கள் ஆசிரியரும் பெற்றாரும் ஆலய அறங்காவலருமே.

நாவலர் குருபூசையன்று அன்னாரின் திருவுருவத்துக்கு மாலை சூட்டுதல் நன்று. அதனிலும் மேலான பூசை ஒன்றுண்டு. ஆலயத்து அறநெறி வகுப்பிலே எக்குடிப் பிள்ளையையும் முன்வரிசையில் இருத்துதல். சைவப் பாடசாலையிற் பயிலும் பிற சமயப் பிள்ளை, தன் வழிபாட்டுக்காகவோ தன் உடைக்காகவோ ஒருபோதும் தலைகுனியாமற் பார்த்துக்கொள்ளுதல். அன்று வண்ணார்பண்ணையில் திருநீற்றுக்காக வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு நாவலர் பெருமான் ஒரு வாயிலைத் திறந்தார். அவ்வாயில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அகலத் திறந்திருக்கும்படி செய்வதே அன்னாரைப் போற்றுவோரின் கடமையாகும்.

நாவலர் நாமம் வாழ்க! எல்லோரும் இன்புற்று வாழ எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக!