காவலூர் மலையில் இருட்டைத் தேடியவர்: யார் இந்த வைணு பாப்பு?

ஆம்பூர், வாணியம்பாடின்னா தோல் தொழிற்சாலையும் பிரியாணியும்தான் சட்டுனு நினைவுக்கு வரும். அதே வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், காவலூரில் 2.34 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் வைணு பாப்பு. யார் அவர்?

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தவர். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால் பையனுக்குச் சின்ன வயசிலேயே தொலைநோக்கி பழகிப்போச்சு. 1949-ல் ஹார்வர்டு போனார். அதே வருஷம் ஜூலையில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது இன்றும் பாப்பு-பாக்-நியூகிர்க் என்றே அழைக்கப்படுகிறது.

ஆனால் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இடம்பிடித்தது வேறொரு வேலைக்காக. ராத்திரி ரோட்டில் ஒரு வெளிச்சம் தெரியுது. அது பக்கத்தில் இருக்கும் சைக்கிள் விளக்கா, தூரத்தில் வரும் லாரியா? தூரம் தெரியாமல் சொல்ல முடியாது. நட்சத்திரத்திலும் இதே சிக்கல்தான். சூரியன் போன்ற, அதைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களின் நிறமாலையில் கால்சியம் உண்டாக்கும் ‘கே’ என்ற கருங்கோடு உண்டு. அதன் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரியும். அந்தக் கீற்று அகலமாக இருந்தால் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் அதிகம். ஓலின் வில்சனும் பாப்புவும் 1957-ல் இதை வெளியிட்டார்கள். வில்சன்-பாப்பு விளைவு என்பது இதுதான்.

கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கேலக்ஸிகளுக்கு இந்த வழி உதவாது. அங்கே வேறு வழி இருக்கு. கன்னிக் கொத்து போன்ற கூட்டத்தில் எல்லா கேலக்ஸிகளும் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், அதாவது 5 கோடி ஒளியாண்டுக்குச் சற்று மேல். எனவே பிரகாசமாகத் தெரிவது நிஜமாகவே பிரகாசமானது. இப்படிப் பல கொத்துகளை எண்ணிப் பார்த்ததில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. நம் பால்வீதி அளவு வெளிச்சத்தைத் தாண்டினால் எண்ணிக்கை மளமளவெனச் சரிகிறது. அதற்குக் கீழே மங்க மங்க எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 1976-ல் பால் ஷெக்டர் இதை ஒரே சூத்திரத்தில் அடக்கினார். நம் சொந்தக் குழுவே சாட்சி. ஆண்ட்ரோமெடா, பால்வீதி என்று பெரியது இரண்டு. மற்றவற்றில் பெரும்பாலானவை குட்டி கேலக்ஸிகள்தான்.

கணக்கு உதைக்கிறதும் அந்தக் குட்டிகளிடம்தான். வானத்தின் வெளிச்சமே அவற்றை மூழ்கடித்துவிடும். ஊர் விளக்கு கூடினால் முதலில் காணாமல் போவது அவைதான். அப்போ இருட்டான மலை வேண்டும் இல்லையா?

பாப்பு தேடியது அதைத்தான். நைனிடால் வானாய்வகத்தைக் கட்டியெழுப்பிவிட்டு, 1960-ல் கோடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். அங்கே முக்கிய வேலை சூரியனைப் பார்ப்பது. இரவு வானத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் காவலூர். உயரம் சுமார் 725 மீட்டர்தான். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென் வானமும் நன்றாகத் தெரியும். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை ஆரம்பம். 1972-ல் ஜெர்மனியில் இருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட இரவில் அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அவருக்கு அது போதவில்லை. பெரிய தொலைநோக்கியை விலைக்கு வாங்காமல் இந்தியாவிலேயே செய்யணும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியில் இருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூருவில். ஒரு கருவி செய்வதைவிட, செய்யத் தெரிந்த ஆட்களை உருவாக்கியதுதான் அவருடைய பெரிய சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19-ல், மியூனிக்கில் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். வயது 55. தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரைச் சூட்டினார்.