பாசி ஆராய்ந்த பார்த்தசாரதி ஐயங்கார்

நீரிலே படரும் பாசியைக் காணின் கால் வழுக்குமென்று அஞ்சி விலகுவோம். அதனையே வாழ்நாட் கல்வியாகக் கொண்ட ஒரு பெரியாரின் சரிதத்தை நம் குலத்தவர்க்கு இம்முறை எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் நம் மரபினரல்லர், நெசவுத் தொழிலினருமல்லர். ஆயினும் அவர் சரிதம் நம் இல்லத்துப் பிள்ளைகள் அறியற்பாலது.

அறிஞருலகம் எம். ஓ. பி. ஐயங்கார் என வழங்கும் பார்த்தசாரதி ஐயங்கார், 1886ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். மாநிலக் கல்லூரியிற் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்று, 1909இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையிற் பணியேற்றார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும், 1920 முதல் மாநிலக் கல்லூரியிலும் தாவர நூல் கற்பித்தார்.

பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் தாவரங்களைக் குறித்து அவர் எழுதியது 1927இல் பொருட்காட்சிச்சாலை வெளியீடாக வந்தது. அக்கடல் ஒரு பெருஞ்சோலை. அங்கே கண்ணுக்குப் புலனாகாத ஓரணுப் பாசியும் உண்டு. பாறைபற்றி அசையும் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் உண்டு. பாசியினத்திற் சேராது, வேரூன்றிப் பூத்துக் காய்க்கும் கடற்புல்லும் உண்டு.

ஆசிரியரான பின்னும் அவர் கற்றலை விட்டாரல்லர். நாற்பது வயது கடந்து, 1930இல் இலண்டன் சென்று, பிரிட்ச் என்னும் பேராசிரியரிடம் மாணவராய் அமர்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். ஈரமண்ணில் வளரும் புதிய பாசியொன்றை 1932இல் விவரித்து, தம் ஆசிரியர் பெயரையே சூட்டிப் பிரிட்சியெல்லா என்றார். மண்ணிற் படியும் பகுதியும் மேலெழும் கிளையும் உடைய அது, நீர்ச்செடி நிலமேறிய வகையை ஆராய்வோர்க்குத் துணையாயிற்று. மாணாக்கர் பலரை உருவாக்கிய அவர் 1963 டிசம்பர் 10ஆம் நாள் மறைந்தார்.

இனி நம் தொழிலை நோக்குவோம். பனியன் துணியில் ரியாக்டிவ் சாயத்தாற் பிரிண்டிங் செய்யும் பட்டறைகளிற் கலக்கும் ஆல்ஜினேட் பசை, கட்டக்கோரை போன்ற கடற்பாசிகளினின்று எடுக்கப்படுவதே. மாவுப் பசையாயின் சாயம் அதனோடே கூடிவிடும். பாசிப் பசையோ சாயத்தைத் துணிக்கு விட்டுத் தான் கழுவலில் நீங்கும். நாடோறும் அதனைக் கையாளும் நம்மில் எத்துணை பேர் அதன் பிறப்பை அறிவோம்?

சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011இல் உயர் நீதிமன்ற ஆணையாற் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட துன்பத்தை நாம் மறவோம். நீரையும் நீர்வாழ் சிற்றுயிரையும் கற்றவர் நம் வீடுகளில் மிகுந்திருப்பின், வீட்டுக்குள்ளிருந்தே எச்சரிக்கை எழுந்திருக்கும். ஆதலின், பள்ளி முடிந்தவுடன் பிள்ளையை மெஷினுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோரை ஒன்று வேண்டுகின்றோம். உடனே இலாபம் தாராத கல்வியும் கல்வியே. வீட்டுக்கு ஒரு பிள்ளையேனும் அதனைக் கற்க விடுமின்.