ஆக்டன் நகரத்துக் கொல்லன் மகன்

பெரியோர் வரலாறு என்றால் நம் சங்க மலரில் கவிஞரும் அறிஞரும் நாட்டுத் தலைவரும் இடம் பெறுவது வழக்கம். இம்முறை நான் ஒரு துப்பாக்கிக் கொல்லரைப் பற்றி எழுதத் துணிந்தேன். இயற்பியல் வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதிப் பார்க்கும் இயக்க விதிகளை அவர் இரும்பில் எழுதிப் பார்த்தவர். அந்த இரும்பு உலகத்தில் என்ன செய்தது என்பதை அறிவியல் பயிலும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. நண்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்காவில் யூட்டா பகுதியிலுள்ள ஆக்டன் நகரில் 1855ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜொனாதன் துப்பாக்கி செய்பவர். மார்மன் சமயத்தைத் தழுவி மேற்கே குடியேறியவர். மூன்று மனைவியர் மூலம் அவருக்குப் பிள்ளைகள் இருபத்திருவர். அவ்வளவு பெரிய குடும்பத்தில் பிறந்த சிறுவனுக்குப் பட்டறையே பள்ளி. ஏட்டுப் படிப்பு பதினைந்து வயதளவில் நின்றுவிட்டது. ஆனால் குப்பையில் கிடந்த பழைய இரும்புத் துண்டுகளைச் சேர்த்துச் சிறு வயதிலேயே ஒரு துப்பாக்கி செய்துவிட்டான் அச்சிறுவன்.

1879ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பெரிய திருப்பம். அவ்வாண்டு அவருக்குத் திருமணம் நடந்தது, தந்தை காலமானார், அக்டோபர் 7ஆம் நாள் முதல் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா இட்டுச் சுடும் நீள் துப்பாக்கி அது. உடன்பிறந்தாருடன் சேர்ந்து அதைச் செய்து ஊரில் விற்றுவந்தார். 1883இல் வின்செஸ்டர் கம்பெனியார் அதைக் கண்டு ஆக்டனுக்கே தேடி வந்து 8,000 டாலருக்கு உரிமையை வாங்கினர். பிறகு பத்தொன்பது ஆண்டுகள் அவர் கண்டுபிடித்தவை பல அக்கம்பெனியின் பெயரில் வெளிவந்தன.

1889ஆம் ஆண்டு ஒரு துப்பாக்கிப் போட்டியின்போது, குழாய்முனைக்கு எதிரே இருந்த புல் ஒவ்வொரு சூட்டுக்கும் வளைந்து சாய்வதை அவர் கண்டார். அங்கிருந்தோர் எல்லோரும்தான் அதைப் பார்த்தார்கள். ஆனால், குண்டு போன பின் வீணாகும் வாயுவின் விசையைக் கொண்டு துப்பாக்கி தன்னைத் தானே மீண்டும் நிரப்பிக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி அவர் ஒருவருக்குத்தான் எழுந்தது. துளையிட்ட இரும்புத் தகடு ஒன்றைக் குழாய்முனையில் வைத்துச் சுட்டார். குண்டு துளை வழியே சென்றது. வாயு தகட்டைத் தூக்கி எறிந்தது. தானியங்கித் துப்பாக்கிகள் பலவற்றுக்கு அந்தத் தகடே தொடக்கம் என்று சொல்லலாம்.

அவர் செய்த படைக்கலன்கள் பல. காப்புரிமைகள் மட்டும் 128. சட்டைப் பையிலும் இடுப்பிலும் மறைத்து எடுத்துச் செல்லும் சிறு கைத்துப்பாக்கியைப் பற்றியே நான் இங்கு விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அவர் திறமையும் அத்திறமையால் வந்த சிக்கலும் ஒருங்கே விளங்குவது அதில்தான்.

அவருக்கு முன் மக்கள் வைத்திருந்தது சுழல் துப்பாக்கி. அதில் இருவகை இயக்கம் உள்ளதை எடுத்துக்கொள்வோம். விசையை இழுக்கும் அதே விரல்தான் தோட்டா உருளையைச் சுழற்ற வேண்டும். சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தவும் வேண்டும். ஆதலால் விசை நீண்டது, கனத்தது. இழுத்து முடிப்பதற்குள் கை ஆடும், குறி தவறும். ஆனால் தோட்டா வெடிக்காமற் போனால் மறுமுறை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். அது அதன் நற்குணம்.

பிரௌனிங் அந்த வேலையை விரலிடமிருந்து எடுத்துத் துப்பாக்கியிடமே கொடுத்தார். குண்டு முன்னே பாய்கையில் மேலே உள்ள நகரும் உறை பின்னே தள்ளப்படுகிறது. இரண்டின் உந்தமும் சமம். உறை பல மடங்கு கனமானது. ஆகவே அது மெதுவாகவே நகர்கிறது. அது திறப்பதற்குள் குண்டு குழலை விட்டுப் போய்விடும். பின்னே போகும் உறை வெற்றுத் தோட்டாவை வெளியே எறிகிறது, சுத்தியலை நிமிர்த்துகிறது. சுருள்வில் தள்ள முன்னே திரும்புகையில் புதுத் தோட்டாவை ஏற்றுகிறது. விரலுக்கு மிஞ்சியிருப்பது ஒரு சிறு கொக்கியை விடுவிக்கும் வேலை மட்டுமே. எனவே விசை குறுகியது, மென்மையானது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியானது.

பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில் உள்ள எஃப்.என். தொழிற்சாலையார் 1897இல் அவரோடு ஒப்பந்தம் செய்தனர். 1900ஆம் ஆண்டு மாதிரி 7.65 மில்லிமீட்டர் துப்பாக்கி அங்கிருந்து வந்தது. பிறகு கோல்ட் கம்பெனியின் 1903 மாதிரி. பிறகு உள்ளங்கையில் அடங்கும் 1905 மாதிரி. பிறகு 1910 மாதிரி. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். விசை மென்மையாக ஆக, பையில் இருக்கும்போதே தற்செயலாக வெடிக்கும் ஆபத்து பெருகுகிறது. 1900 மாதிரியில் கையால் தள்ளும் தடைத் தாழ் ஒன்றுதான். 1903இல் பிடியின் பின்புறமும் ஒரு தடை வந்தது. உள்ளங்கை அதை அழுத்திப் பிடித்தாலன்றி விசை வேலை செய்யாது. சுத்தியலும் உறைக்குள் மறைந்தது; பையில் மாட்டிக்கொள்ளாது. 1910இல் தோட்டாப் பெட்டியைக் கழற்றினால் சுட முடியாதபடி மூன்றாவது தடையும் சேர்ந்தது. விரலின் உழைப்பைக் குறைத்த இடத்திலெல்லாம் அவர் வேறொரு காவலை நிறுத்த வேண்டியிருந்தது.

பழுதின்றி இயங்குவதில் அவருக்கு நிகர் அவரே. 1911 மார்ச்சில் அமெரிக்கப் படையார் கோல்ட், சாவேஜ் என்னும் இருவர் துப்பாக்கிகளையும் சோதித்தனர். ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. நூறு சூட்டுக்கு ஒருமுறை ஆறவிட்டனர். ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் இட்டனர். சாவேஜ் 37 முறை தடைப்பட்டது. பிரௌனிங் வரைந்த கோல்ட் ஒருமுறையும் தடைப்படவில்லை. மார்ச் 29ஆம் நாள் படை அதை ஏற்றது. 1985 வரை அதுவே அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கி. அதன் விசை ஓர் அச்சில் ஆடுவதில்லை. நேர் பின்னே வழுக்கிச் செல்வது. அவருக்குப் பின் பெல்ஜிய அறிஞர் சேவ் முடித்த 1935 மாதிரியில் விசை அச்சில் ஆடும். அதன் இழுப்பு உறைக்குள் உள்ள ஒரு நெம்புகோல் வழியே கொக்கியைச் சேரும். தோட்டாப் பெட்டித் தடையும் அதில் உராயும். அதனால்தான் அதன் விசை முன்னதைப்போல் வழுவழுப்பாக இல்லை என்று பழகியவர் கூறுவர். ஆயினும் 13 தோட்டா கொள்ளும் அத்துப்பாக்கி உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். எந்தக் கையும் எளிதில் இயக்கக் கூடிய, எந்த நேரத்திலும் பழுதாகாத கருவியை அவர் செய்தார். அக்கருவி கையைத் தேர்ந்தெடுப்பதில்லை. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங். 1914 ஜூன் 28ஆம் நாள் சரஜேவோவில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்ட பிரின்சிப் என்னும் பத்தொன்பது வயது மாணவன் கையில் இருந்ததும் ஹெர்ஸ்டாலில் செய்த 1910 மாதிரிதான். அதையடுத்து மூண்ட போரில் அந்தப் பெல்ஜியமே பகைவர் வசப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பெல்ஜிய மன்னர், பத்து லட்சம் துப்பாக்கி செய்து முடித்த மகிழ்ச்சியில், பிரௌனிங்குக்கு லியோபால்ட் விருது அளித்திருந்தார்.

சென்ற குளிர்கால விடுமுறையில் அலகாபாத் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். 1931 பிப்ரவரி 27ஆம் நாள் ஆல்பிரட் பூங்காவில் தனித்து நின்று போராடி உயிர்நீத்த சந்திரசேகர ஆசாத்தின் துப்பாக்கி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. கோல்ட் 1903 மாதிரி. சுற்றி நின்றோர் கைகூப்பினர், நானும் கைகூப்பினேன். கூப்பிய கையோடே என் மனம் உறையையும் சுருள்வில்லையும் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ஆசாத்தை வணங்குகிறேனா, அவர் கருவியின் நேர்த்தியை வியக்கிறேனா என்று பிரித்தறிய எனக்கு அப்போது இயலவில்லை.

பிரௌனிங் பேராசைக்காரர் அல்லர். 1902இல் தன் புதிய வேட்டைத் துப்பாக்கிக்குப் பங்குத் தொகை தர மறுத்ததால் வின்செஸ்டரை விட்டு விலகியவர், முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிகளின் உரிமையைப் பேரம் பேசாமல் 7,50,000 டாலருக்கு அரசுக்குக் கொடுத்தார். பங்குத் தொகையாகக் கேட்டிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். இறுதிவரை பட்டறையே அவர் உலகம். 1926 நவம்பர் 26ஆம் நாள் ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில், மகன் வால் வேலை செய்த அறையில், இதயம் நின்று மறைந்தார். வயது எழுபத்தொன்று.

நண்பர்களே, நம்மில் சிலர் படிப்பு முடிந்ததும் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களுக்கு விண்ணப்பிப்போம். நானும் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவனுக்கு அது நல்ல வேலை. நாட்டுக்கும் வேண்டிய வேலை. வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பிரௌனிங்கின் வாழ்வு எனக்கு ஒன்றைக் கற்பித்தது. விசையை மென்மையாக்கிய ஒவ்வொரு முறையும் ஒரு தடையையும் சேர்த்தே அவர் செய்தார். தற்செயலாக வெடிப்பதைத் தடுக்க அவரால் முடிந்தது. வேண்டுமென்றே இழுக்கும் விரலைத் தடுக்கும் தாழ் எந்தப் பட்டறையிலும் செய்யப்படவில்லை. அதைச் சட்டமும் கல்வியும் மனச்சான்றும்தான் செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குள் போகும் நாம், அந்த வேலை நம்முடையதன்று என்று வெளியே விட்டுவிட்டுப் போகலாகாது.